80 சொற்களில் ரோம்

ஒரு கட்டடத்தைப் பற்றி 80 சொற்கள்தான் எழுதலாம் என்றால் எதை எழுதுவது, எதை விடுவது? கேட்கும்போது சாதாரண எடிட்டிங் பிரச்சினை போலத்தான் இருக்கிறது. இரண்டு மாதம் இதோடு மல்லுக்கட்டிய பிறகு, இது அறம் பற்றிய கேள்வி என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்துவிட்டது. ஏன் என்று சொல்லிப் பார்க்கிறேன்.

கட்டடக்கலைக் கல்லூரி ஒன்றில் பாடம் எடுக்கும் என் நண்பன், மாணவர்களை ரோமுக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துப்போகிறான். எல்லாரும் 19, 20 வயதுப் பிள்ளைகள். போனில் திறந்து பார்க்கிற மாதிரி தமிழில் ஒரு சின்னக் கையேடு வேண்டும் என்றான். ஓர் இடத்துக்கு ஒரு ஸ்க்ரீன். விரலால் தள்ளாமலே படித்து முடித்துவிட வேண்டும். எழுத்தின் அளவை வைத்துக் கணக்குப் போட்டால் 80 சொல். நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன், வரலாற்று மாணவன் இல்லை. ஆப் செய்வது ஒரு வார இறுதியில் முடிந்துவிட்டது. உள்ளே என்ன எழுதுவது என்பதுதான் மிச்ச நாள் முழுவதையும் தின்றது.

முதலில் எடுத்தது அப்பியா சாலை. கி.மு. 312-இல் அப்பியஸ் கிளாடியஸ் என்ற ரோம அதிகாரி தொடங்கியது. ரோமிலிருந்து தெற்கே கபுவா ஊர் வரை போனது, பிறகு பிருண்டிசியம் துறைமுகம் வரை நீண்டது. அந்தக் காலத்துக் கருங்கல் பாவிய தரை சில இடங்களில் இன்றும் அப்படியே இருக்கிறது. குடை விரித்த மாதிரி பைன் மரங்கள், ஓரங்களில் பழைய கல்லறைகள். 2024-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். இதிலேயே பாதிக்கு மேல் இடம் போய்விட்டது.

இதே வழியில்தான் கி.மு. 71-இல், ஸ்பார்ட்டகஸின் அடிமைக் கிளர்ச்சியை நசுக்கிய கிராசஸ், பிடிபட்ட 6,000 பேரைக் கபுவாவிலிருந்து ரோம் வரை சிலுவைகளில் அறைந்து நிறுத்தினான். அப்பியன் என்ற பழைய வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கிறார். தூரம் ஏறக்குறைய 195 கிலோமீட்டர். தொழில் பழக்கத்தில் வகுத்துப் பார்த்தேன். சராசரியாக 33 மீட்டருக்கு ஓர் ஆள். கிரிக்கெட் பிட்ச் 20 மீட்டர். ஒன்றரைப் பிட்ச் நடந்தால் ஓர் உடல், இன்னும் ஒன்றரைப் பிட்ச் நடந்தால் இன்னோர் உடல், இப்படியே ரோம் வரைக்கும்.

மிச்சம் 30 சொல் இருக்கிறது. சைக்கிள் வாடகையை எழுதுவதா, 33 மீட்டரை எழுதுவதா?

பணம் எங்கிருந்து வந்தது

கொலோசியத்துக்கு வந்ததும் சிக்கல் இன்னும் கூடியது. எல்லாக் கையேடுகளும் சொல்லும் விவரங்கள் இவை: வெஸ்பாசியன் தொடங்கினார், கி.பி. 80-இல் அவர் மகன் டைட்டஸ் திறந்து வைத்தார். நீளம் 189 மீட்டர், அகலம் 156, உயரம் 48. சுமார் 50,000 பேர் உட்காரலாம். திறப்பு விழா 100 நாள் நடந்தது, அதில் 9,000 விலங்குகளைக் கொன்றார்கள் என்கிறார் காசியஸ் டியோ.

இவ்வளவு பெரிய கட்டடத்துக்குக் காசு யார் கொடுத்தது? கொலோசியத்தில் 5ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அதே கல்லில், அதற்கும் முன்னால் வெண்கல எழுத்துகளைப் பொருத்தியிருந்த துளைகள் மிஞ்சியிருக்கின்றன. எழுத்துகள் போய்விட்டன, ஆணித் துளைகள் மட்டும் உண்டு. 1995-இல் கேஸா ஆல்ஃபோல்டி என்ற கல்வெட்டு அறிஞர் அந்தத் துளைகளின் இடைவெளியை வைத்து மூல வாசகத்தை மீட்டு வாசித்தார். அவர் வாசிப்பின்படி, போர்க்கொள்ளைப் பணத்தில் இந்த அரங்கைக் கட்டச் சொன்னார் வெஸ்பாசியன். காலத்தை வைத்துப் பார்த்தால் அது யூதேயப் போர். கி.பி. 70-இல் டைட்டஸின் படை ஜெருசலேமை அழித்தது. அந்தக் கோயிலிலிருந்து ஏழு கிளை விளக்கைத் தூக்கிவரும் காட்சி, கொலோசியத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் டைட்டஸ் வளைவின் உட்சுவரில் செதுக்கியபடியே இருக்கிறது. அந்த வளைவின் அடியில் நடந்து போவதில்லை என்ற வழக்கம் யூதர்களிடம் நூற்றாண்டுகளாக இருந்தது.

அந்தப் போரில் பிடிபட்டவர்கள் 97,000 பேர் என்கிறார் அந்தக் காலத்திலேயே வாழ்ந்த ஜோசஃபஸ். பிடிபட்டவர்களை என்ன செய்தார்கள் என்பதையும் சொல்கிறார். 17 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஒரு பகுதியினரை விலங்கு பூட்டி எகிப்துக்குக் கட்டாய வேலைக்கு அனுப்பினார்கள். பெரும் பகுதியினரைப் பல மாகாணங்களுக்குக் கொடுத்தார்கள், அரங்குகளில் வாளாலும் விலங்குகளாலும் கொல்வதற்காக. 17-க்குக் கீழே இருந்தவர்களை விற்றார்கள். இதைப் படித்த அன்று என்னால் வேறு எதுவும் எழுத முடியவில்லை. இந்தக் கையேட்டைப் படிக்கப்போகும் பிள்ளைகள் எல்லாருமே அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே இருப்பவர்கள்.

ஆனால் இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டியிருந்தது. கொலோசியத்தைக் கட்டியதே யூத அடிமைகள்தான் என்று பல இடங்களில் அடித்துச் சொல்கிறார்கள். எழுதினால் உறைக்கும், 80 சொல்லில் அழகாக உட்காரவும் செய்யும். ஆனால் அப்படி நேரடியாகச் சொல்லும் பழைய சான்று எதுவும் நம்மிடம் இல்லை. நடந்திருக்கலாம் என்பது ஊகம். கிறிஸ்தவர்களைச் சிங்கத்துக்குப் போட்டது இந்தக் கட்டடத்தில்தான் என்பதற்கும் உறுதியான சான்று கிடையாது. ரோமில் கிறிஸ்தவர்களைக் கொன்றார்கள் என்பது உண்மை. இங்கே என்பதுதான் உறுதியில்லை. இரண்டையும் நான் சேர்க்கவில்லை. பாதிக்கப்பட்டவர் பக்கம் நிற்கிறோம் என்பதால் இல்லாததை எழுத உரிமை வந்துவிடாது. அப்படி எழுதினால் நாளைக்கு ஒருவர் அந்த ஒரு வரியைப் பொய் என்று நிரூபித்துவிட்டு, 97,000 பேரையும் சேர்த்தே தள்ளுபடி செய்துவிடுவார்.

"இழவு வீடு மாதிரி இருக்குடா"

நான்கைந்து பக்கம் அனுப்பியதும் நண்பன் போன் செய்தான். "ஏன்டா, பசங்க ஊர் சுத்திப் பாக்கப் போறாங்க. கடன் வாங்கி அனுப்பி வெச்ச அப்பா அம்மா இருக்காங்க. நீ இழவு வீடு மாதிரி எழுதி வெச்சிருக்க. அந்தக் காலத்துல எல்லா ஊர்லயும் அப்படித்தான் இருந்துச்சு. செத்து ரெண்டாயிரம் வருஷம் ஆச்சு. இப்ப நீ எழுதி அவனுக்கு என்ன கெடைக்கப்போகுது?"

இதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. மூன்றையும் தட்டிக்கழிக்க முடியாது.

முதலாவது, சந்தோஷம். ஊர் பார்க்கப் போகிறவனுக்குச் சந்தோஷமாக இருக்க உரிமை உண்டு. அதை நான் முழுதாக ஒத்துக்கொள்கிறேன். இன்னும் ஒருபடி மேலே போய், ரத்தக் கதையும் ஒரு விற்பனைச் சரக்குதான் என்பேன். கொலோசியத்தின் வாசலில் கிளாடியேட்டர் வேஷம் கட்டிக்கொண்டு காசுக்குப் போட்டோ எடுப்பவர்கள் விற்பது அதைத்தான். செத்தவனை மயிர்க்கூச்செறிய வைப்பதற்காகக் கொண்டுவந்தால், அன்று அரங்கில் உட்கார்ந்து பார்த்தவன் செய்ததையே நாமும் செய்கிறோம். அதனால் எவ்வளவு சொல்வது என்பதிலும் ஒரு அளவு வேண்டும்.

இரண்டாவது, அந்தக் காலத்து நியாயம். "அன்னிக்கு யாருக்கும் அது தப்புன்னு தெரியாது" என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் தெரிந்திருந்தது. கொலோசியம் வருவதற்கு முன்பே செத்துப்போன செனெகா, மதிய வேளையில் அரங்குக்குப் போய்க் கைதிகளைக் கொல்வதைப் பார்த்துவிட்டு, மனிதர்கள் நடுவே இருந்துவிட்டு வந்ததால் மனிதத்தன்மை குறைந்து வீடு திரும்பியதாகக் கடிதத்தில் எழுதினார். அடிமைகளும் நம்மைப்போன்ற மனிதர்கள்தான் என்று இன்னொரு கடிதத்தில் எழுதினார். அதே செனெகா பெரும் பணக்காரர், ஏராளமான அடிமைகளை வைத்திருந்தவர். ஆக, அன்றைக்கும் தெரிந்தவர்கள் இருந்தார்கள், தெரிந்தபடியே வாழ்ந்தார்கள். இது நமக்கு அவ்வளவு அந்நியமான நிலைமை இல்லை. "காலம் அப்படி" என்று சொல்லி நாம் காப்பாற்றுவது அவர்களைத்தானா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

மூன்றாவதுதான் கடினம். செத்தவனுக்கு என்ன கிடைக்கும்? ஒன்றும் கிடைக்காது. இதற்கு உணர்ச்சிகரமாகப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அப்பியா சாலையில் தொங்கிய ஒருவனுக்கு என் 80 சொல் எந்த வலியையும் குறைக்காது. ஆகவே கேள்வி செத்தவர்களைப் பற்றியதாக இருக்க முடியாது. படிக்கிறவனின் கண்ணுக்கு நாம் என்ன பழக்கம் கொடுக்கிறோம் என்பதைப் பற்றியது அது. அந்த இடத்துக்குப் போவதற்கு முன் கற்களே என்ன சொல்கின்றன என்று பார்த்துவிட வேண்டும்.

கல்லும் ஒரு கையேடு

"நீ ஒண்ணும் கருத்து சொல்லாத, இருக்கிறதை மட்டும் எழுது" என்பது எளிதான வழி. ஆனால் ரோமில் "இருக்கிறது" என்பதே யாரோ எடிட் செய்து வைத்ததுதான்.

பான்தியனின் நெற்றியில், இதை மார்க்கஸ் அக்ரிப்பா செய்தார் என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. அக்ரிப்பா கட்டியது எரிந்துபோனது. இப்போது நிற்பது ஹேட்ரியன் காலத்தில், கி.பி. 126 வாக்கில் முடிந்தது. பழைய பெயரை அப்படியே மேலே போட்டுவிட்டார்கள். செங்கற்களில் குத்தியிருந்த முத்திரைகளை 1890-களில் ஆராய்ந்த பிறகுதான் விஷயம் தெளிவானது. பல நூற்றாண்டுகள் எல்லாரும் நெற்றியைப் படித்தார்கள், உண்மை செங்கல்லில் இருந்தது.

செப்டிமியஸ் செவரஸின் வளைவு கி.பி. 203-இல் எழுந்தது. அவர் பெயரும் இரண்டு மகன்கள் பெயரும் அதில் இருந்தன. 211-இல் மூத்தவன் காரகல்லா தம்பி கெட்டாவைக் கொன்றான். பிறகு சாம்ராஜ்யம் முழுக்கத் தம்பியின் பெயரை அழிக்கச் சொன்னான். வளைவில் கெட்டா பெயர் இருந்த வரியைப் பெயர்த்துவிட்டு, அப்பாவையும் அண்ணனையும் புகழும் சொற்களை நிரப்பினார்கள். பழைய எழுத்துகளின் துளைகள் அடியில் இன்றும் தெரிகின்றன. நம் பாஷையில் இது கிட்-இல் ஃபோர்ஸ் புஷ். வரலாற்றை மாற்றி எழுதிவிட்டுப் பழைய கமிட்டே இல்லை என்பது. ஆனால் கல்லில் ஃபோர்ஸ் புஷ் சுத்தமாக வராது.

இந்த வரிசை பழங்காலத்தோடு நின்றுவிடவில்லை. கொலோசியத்தை நோக்கி அகலமாக ஒரு நேர்ச்சாலை போகிறது. எல்லாரும் செல்ஃபி எடுப்பது அங்கேதான். 1932 அக்டோபர் 28 அன்று முசோலினி திறந்து வைத்த சாலை அது, அவர் ஆட்சிக்கு வந்த பத்தாம் ஆண்டு விழாவுக்காக. அதற்காக வேலியா என்ற குன்றைத் தரைமட்டமாக்கினார்கள். அலெஸாந்திரினோ என்ற நெருக்கமான குடியிருப்பை இடித்தார்கள். அங்கே வாழ்ந்த குடும்பங்களை நகரத்துக்கு வெளியே தள்ளினார்கள். பழம்பெருமையைக் காட்டுவதற்காகப் போட்ட அந்தச் சாலை, பழைய சதுக்கங்களின் கணிசமான பகுதியைத் தன் அடியிலேயே மூடிவிட்டது. போட்டோவில் கொலோசியம் அவ்வளவு அழகாக, தடையில்லாமல் தெரிகிறதே, அந்தத் தடைகள் வீடுகள்.

இப்போது மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். இந்தப் பிள்ளைகள் நாளைக்கு வரைபடம் வரையப்போகிறவர்கள். அந்த நேர்ச்சாலையையும் யாரோ ஒரு பொறியாளர், யாரோ ஒரு கட்டடக் கலைஞர் மேசையில் ஸ்கேல் வைத்துத்தான் கோடாக இழுத்திருப்பார். ஒரு கட்டடத்தின் முன் நின்று "எந்த வருஷம், எவ்வளவு உயரம், எந்த ராஜா" என்று மூன்று கேள்வி மட்டும் கேட்கப் பழகிய கண், தன் மேசையில் இருக்கும் வரைபடத்தையும் அப்படித்தான் பார்க்கும். "இந்தக் கோட்டுக்கு அடியில் யார் இருக்கிறார்கள்?" என்ற கேள்வி அதற்குத் தோன்றாது. அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகுவதற்கு 2,000 வருஷத்துக்கு முந்தைய கட்டடம் நல்ல இடம். அங்கே யாருக்கும் வக்காலத்து வாங்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

அப்படியா, உண்மையிலேயே இல்லையா?

மிளகு

மாக்ஸென்டியஸ் பசிலிக்காவின் அடியில் டொமிஷியன் காலத்து மிளகுக் கிடங்குகள் இருந்தன. பேரரசின் வாசனைச் சரக்குகளுக்கென்றே கட்டியவை. அந்த மிளகில் பெரும்பங்கு சேர நாட்டு முசிறித் துறைமுகம் வழியாக வந்தது. சங்கப் பாடல்களும் முசிறிக்கு வந்த யவனர் கப்பல்களைப் பேசுகின்றன. இந்தியா வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை ரோமிலிருந்து உறிஞ்சுகிறது என்று மூத்த பிளினி புலம்பியிருக்கிறார். கி.பி. 408-இல் ரோமை முற்றுகையிட்ட அலாரிக் கேட்ட கப்பத்தில் தங்கம், வெள்ளியோடு 3,000 ராத்தல் மிளகும் இருந்தது.

இதையெல்லாம் படிக்கும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது. ரோமின் நடு மையத்தில் நம் மிளகு! மாணவர்களுக்கும் இந்தப் பக்கம்தான் பிடிக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் இதுவரை மற்ற கட்டடங்களிடம் கேட்ட கேள்வியை இங்கே மட்டும் கேட்காமல் போனால் அது அயோக்கியத்தனம். மலையில் ஏறி அந்தக் கொடிகளிலிருந்து மிளகைப் பறித்தவர் யார்? அவருக்கு என்ன கிடைத்தது? மூட்டைகளைக் கப்பலில் ஏற்றியவர் யார்? மன்னர்களின் பெயர்கள் நம்மிடம் இருக்கின்றன, கப்பல் ஒன்றின் பெயர்கூட ஒரு பாப்பிரஸ் ஏட்டில் மிஞ்சியிருக்கிறது. பறித்தவர் பெயர் இல்லை. "தாஜ்மகாலைக் கட்டியது யார்?" என்ற கேள்விக்குக் "கொத்தனார்" என்று பதில் சொல்லி நாம் சிரிப்போம். அந்தக் கடி ஜோக்கில் சரியான பதிலைச் சொன்னவன்தான் முட்டாளாகிறான், கவனித்திருக்கிறீர்களா?

பெருமை என்பதும் ஒருவகை நெற்றி எழுத்துதான். எதிரியின் நெற்றி எழுத்தைச் சந்தேகிப்பது சுலபம்.

எப்படி எழுதுவது

கடைசியில் சில விதிகளை எனக்கு நானே வைத்துக்கொண்டேன்.

முதல் விதி: "பட்டது" கூடாது. பாடப்புத்தகத் தமிழின் செல்லப் பிள்ளை இது. கட்டப்பட்டது, கொண்டுவரப்பட்டனர், அகற்றப்பட்டனர். செய்தவனை வாக்கியத்திலிருந்து சத்தமில்லாமல் வெளியே அனுப்பிவிடும். செய்தவர் பெயர் தெரிந்தால் எழுது, தெரியாவிட்டால் "செய்தார்கள்" என்றாவது எழுது. யார் என்ற கேள்வி படிப்பவனுக்கு மிஞ்சட்டும்.

இரண்டாவது: அழகையும் விலையையும் ஒரே மூச்சில் சொல். புகழ்ச்சி மேலே, "இருண்ட பக்கம்" என்று கீழே ஒரு பெட்டி என்று பிரித்தால், பெட்டியை யாரும் படிக்க மாட்டார்கள். டிராஜன் தூணுக்கு இப்படி எழுதினேன்: "டேசியர்களோடு, அதாவது இன்றைய ருமேனியாவில் வாழ்ந்தவர்களோடு, ரோம் நடத்திய இரண்டு போர்களை 2,600-க்கும் மேற்பட்ட உருவங்களாகச் சிற்பிகள் இந்தத் தூணில் சுற்றிச் செதுக்கினார்கள், இந்தச் சதுக்கத்துக்கான பணமும் அந்தப் போரின் கொள்ளைதான்."

மூன்றாவது: அழகைக் குறைக்காதே. பான்தியனின் கூரை 43.3 மீட்டர் விட்டம், கம்பி வைக்காத கான்கிரீட். நடுவில் திறந்த வட்டம், அதன் வழியே வெயில் தரையில் நகர்கிறது. இன்றுவரை கம்பியில்லாத கான்கிரீட்டில் அதைவிடப் பெரிய குவிமாடம் கிடையாது. இதைப் பார்த்து ஒரு பொறியியல்காரனுக்கு வாய் பிளக்கவில்லை என்றால் அவனிடம் ஏதோ கோளாறு. பேரரசன் கெட்டவன் என்பதால் கணக்குப் போட்டவனின் மூளையை நாம் மறுக்க வேண்டியதில்லை. மறுத்தால் அவனையும் இரண்டாவது தடவை அழிக்கிறோம்.

நான்காவது: ராஜா இல்லாத இடங்களுக்கும் பிள்ளைகளை அனுப்பு. போர்த்தா மஜ்ஜோரே வாயிலின் பக்கத்தில் யூரிசாசஸ் என்ற ரொட்டிக்கடைக்காரரின் கல்லறை நிற்கிறது. அவரே முன்னாள் அடிமையாக இருந்திருக்கலாம் என்கிறார்கள். மாவு அரைப்பதிலிருந்து ரொட்டியை எடைபோடுவதுவரை கல்லறையைச் சுற்றிச் செதுக்கி வைத்திருக்கிறார். அதில் குனிந்து வேலை செய்பவர்களுக்குப் பெயர் இல்லை, ஆனால் கைகள் இருக்கின்றன. டெஸ்டாச்சோவில் சுமார் 35 மீட்டர் உயரத்துக்கு ஒரு குன்று. முழுக்க உடைந்த எண்ணெய்ச் சாடிகள். சாடிகளின்மேல் வியாபாரி பெயர், எடை, வருஷம் எல்லாம் மையால் எழுதியிருக்கும். ஒரு நகரத்தின் லாக் ஃபைல் மலையாகக் குவிந்து கிடக்கிற மாதிரி.

டயோக்ளீஷியன் குளியல் மண்டபங்களில் உள்ள அருங்காட்சியகத்தில் ஓர் இரும்புக் கழுத்து வளையம் இருக்கிறது. அதில் தொங்கும் தகட்டில், நான் ஓடிவிட்டேன், என்னைப் பிடித்துக்கொள், என் எஜமானன் ஸோனினஸிடம் திருப்பிக் கொடுத்தால் ஒரு பொற்காசு கிடைக்கும் என்ற பொருளில் எழுதியிருக்கிறது. வளையம் போட்டிருந்தவனின் பெயர் இல்லை. "நான்" என்று பேசுவது அவன், வாசகம் எழுதியது எஜமானன். நூறு வெற்றி வளைவுகளைவிட அந்தக் கழுத்து வளையத்தில் ரோம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு கேள்வி எனக்கு முடியவில்லை. கொள்ளைப் பணத்தில், கொலைக்காகக் கட்டிய இடத்தில் நின்று ஒருவன் மனம் நிறைந்து ரசிக்கலாமா? தெரிந்துகொண்டு ரசிக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் "தெரிந்துகொண்டு" என்பது சமயத்தில் ஒரு வசதியான நுழைவுச்சீட்டாகவும் ஆகிவிடும் என்ற உறுத்தலும் கூடவே இருக்கிறது. செனெகாவுக்கும் எல்லாம் தெரிந்திருந்தது.

ஒரே ஒரு விஷயம் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. சுமார் கால் நூற்றாண்டாகக் கொலோசியத்துக்கு ஒரு புது வேலை கொடுத்திருக்கிறார்கள். உலகில் எங்காவது ஒரு நாடு மரண தண்டனையை ஒழித்தால், அந்தச் செய்தியைச் சொல்ல அதன்மேல் பொன்னிற விளக்கு எரியும். அதனால் அங்கே செத்தவர்கள் யாரும் எழுந்து வரப்போவதில்லை. ஆனாலும் ஒரு கட்டடம் எதற்காக எழுந்ததோ அதற்கு நேரெதிராக ஒன்றைச் சொல்லவும் உயிரோடு இருப்பவர்கள் அதைப் பழக்க முடியும் என்று தெரிகிறது.

அந்த விளக்குக்கும் 17 வயதுக் கோட்டுக்கும் 80 சொல்லுக்குள் இடம் வேண்டியிருந்தது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் எடுத்துவிட்டேன். நேரில் நிற்கப்போகிற பிள்ளைகள்தானே, அண்ணாந்து பார்த்தால் அது தெரிந்துவிடும்.